மாதர் இருதயமும் மருந்தின் கீர்த்தியும்

சென்ற 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு மருந்து நிர்வாக இலாகாவினர் ஒரு முக்கியமான அறிவிப்பைச் செய்தனர். மாதவிடாய் நின்றுபோன ஸ்திரீகளுக்குக் கொடுக்கப்படும் ஹார்மோன் மருந்துகளில், இருபது வருஷங்களுக்கு மேலாகக் கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட்டு வந்தது. அதில் இருதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதி நோய் ஆகியவற்றைக் குறித்த பகுதிகளை எடுத்துவிட வேண்டுமென்பதே அவ்வறிவிப்பு. மாதவிடாய் நின்று பத்து வருஷங்களுக்குள் இம்மருந்தைத் தொடங்கும் ஸ்திரீகளுக்கு இருதய நோய் பாதிவரையில் குறையக்கூடும் என்றும் அதிகாரிகள் தரப்பில் அச்சமயம் கூறப்பட்டது.

எச்சரிக்கையைத் திருத்தியதில் நியாயம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ‘பாதி’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்குப் பழைய சரித்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. இதே ‘பாதி’ முன்னொரு முறையும் வைத்தியர்களின் வாயிலும் வியாபாரிகளின் வாயிலும் உலகை வலம் வந்தது. அதை நம்பி லக்ஷக்கணக்கான ஸ்திரீகள் நாள்தோறும் மாத்திரை விழுங்கினார்கள். பின்னர் நடந்த பரீட்சையில் அந்தப் பாதி நிற்கவில்லை. அந்த வரலாற்றை அறியாதவர்கள் இன்றைய அறிவிப்பைச் சரியாக எடைபோட முடியாது.

இது ஸ்திரீகள் சமாசாரமாயிற்றே, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் படிக்கும் இப்பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று நேயர்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணமே தவறென்போம். நம் தாயாரும் மனைவியரும் சகோதரிகளும் அடையும் ஒரு பருவத்தைப் பற்றியது இவ்விஷயம். அதோடு, ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பவர் யார், எந்தச் சாக்ஷியத்தைக் கொண்டு, யார் செலவில் என்ற கேள்வி முழுக்க முழுக்கப் பொதுஜனக் கேள்வியே.

இயற்கையின் மாறுதல்

ஸ்திரீகளின் சினைப்பைகளில் எஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஊறுகிறது. நடுவயதில் அது குறைந்து, மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேல்நாடுகளில் இது சராசரி 51 வயதில் நிகழ்கிறது. நம் தேசத்து ஸ்திரீகளுக்கோ சுமார் 46 வயதிலேயே வந்துவிடுகிறது. அக்காலத்தில் உடல் திடீரென்று அனல்போல் கொதித்து வேர்ப்பதும், இரவில் உறக்கம் கலைவதும், மனம் சஞ்சலப்படுவதும், எலும்பு பலங்குறைவதும் பல ஸ்திரீகள் அனுபவிக்கும் துன்பங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மாறுதல் ஒன்றும் உண்டு. அதுவரையில் அதே வயதுள்ள ஆண்களைக் காட்டிலும் குறைவாக மாரடைப்புக்கு ஆளாகி வந்த ஸ்திரீகள், அதன்பின் அந்தப் பாதுகாப்பைச் சிறிது சிறிதாக இழக்கிறார்கள். தீய கொழுப்பு ரத்தத்தில் ஏறுகிறது. இடுப்பைச் சுற்றிச் சதை சேர்கிறது. ரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சி குறைகிறது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த பிரேமிங்ஹாம் என்னும் ஊரின் ஜனங்களை 1948 முதல் தொடர்ந்து கவனித்து வரும் ஆராய்ச்சியாளர்கள் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் கண்டார்கள்.

இதிலிருந்து வைத்தியர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. எஸ்ட்ரோஜன் போனதால்தான் இருதயத்துக்குக் காவல் போயிற்று. ஆகவே போனதைத் திருப்பிக் கொடுத்தால் காவலும் திரும்பும். கேட்பதற்கு இது மிகவும் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் பொருத்தமாக இருப்பது வேறு, ருஜுவாவது வேறு.

மருந்து புகழ் பெற்ற விதம்

கர்ப்பமுற்ற குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்படும் எஸ்ட்ரோஜன் சத்து, ‘பிரிமரின்’ என்ற பெயரில் 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் வில்ஸன் என்ற மாதர் வைத்தியர், ‘என்றென்றும் பெண்மை’ என்று பொருள்படும் பெயருடன் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மாதவிடாய் நிற்பது இயற்கைப் பருவமன்று, நீரிழிவைப் போன்ற ஒரு குறை நோய். எஸ்ட்ரோஜன் கொடுத்து அதைத் தீர்த்துவிடலாம் என்பது அவருடைய வாதம். புஸ்தகம் ஏராளமாக விற்றது. அதனை எழுதுவதற்கு மருந்துக் கம்பெனியாரின் பண உதவி இருந்ததென்பது வெகு காலத்துக்குப் பின்னர் 2002-ல் அவருடைய குமாரர் வாயிலாகவே வெளிப்பட்டது.

1975-ல் முதல் இடி விழுந்தது. எஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொள்ளும் ஸ்திரீகளுக்குக் கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகரிக்கிறதென்று இரண்டு ஆராய்ச்சிகள் காட்டின. விற்பனை சரிந்தது. பிறகு ப்ரோஜெஸ்ட்டின் என்ற இரண்டாவது ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்குமென்று கண்டு, மருந்து மீண்டும் தலைதூக்கியது. இம்முறை அதன் கையிலிருந்த புதிய கொடி, இருதய ரக்ஷணை.

அதற்கு முன்பே எஸ்ட்ரோஜனை இருதய நோய்க்குப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள், யாரிடத்தில் தெரியுமா? ஆண்களிடத்தில்! 1960-களில் தொடங்கிய ‘கரோனரி டிரக் பிராஜெக்ட்’ என்ற பரீட்சையில், ஒரு முறை மாரடைப்பு வந்து பிழைத்த 8,341 ஆண்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரோஜன் கொடுத்ததில், மாரடைப்பும் ரத்தக் கட்டியும் அதிகரிக்கவே, பெரிய அளவு மருந்தை 1970-லும் சிறிய அளவை 1973-லும் நிறுத்திவிட நேர்ந்தது. ஸ்திரீகளின் ஹார்மோனை ஆண்களிடத்தில் சோதித்தவர்கள், ஸ்திரீகளிடத்தில் முறையாகச் சோதிக்க மேலும் இருபது வருஷங்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

‘பாதி’ பிறந்த கணக்கு

1976-ல் அமெரிக்காவில் ஒரு லக்ஷத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அதன் முடிவு 1985 அக்டோபரில் ஒரு பிரபல வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. எஸ்ட்ரோஜன் உட்கொண்ட நர்ஸுகளுக்கு இருதய நோய் பாதிக்கும் குறைவாகவே இருந்ததாம். விந்தை என்னவென்றால், அதே பத்திரிகையின் அதே இதழில் பிரேமிங்ஹாம் ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கணக்கில், எஸ்ட்ரோஜன் உட்கொண்டோருக்கு இருதய, ரத்தக் குழாய் நோய்கள் ஐம்பது சதவிகிதத்துக்கு மேல் அதிகமாக இருந்தன! ஒரே இதழில் இரு சாக்ஷிகள். இரண்டும் நேர் விரோதம். உலகம் தனக்கு இனித்த சாக்ஷியையே ஏற்றுக்கொண்டது. 1991-ல் நர்ஸுகள் ஆராய்ச்சி மறுபடியும் ஏறக்குறைய பாதி என்றே சொல்லிற்று. 1992-ல் அமெரிக்க வைத்தியர் சங்கங்களில் ஒன்று, மாதவிடாய் நின்ற எல்லா ஸ்திரீகளுக்கும் இம்மருந்தைப் பற்றி யோசிக்கலாமென்றும், இருதய நோய் உள்ளவர்களுக்கு அதனால் விசேஷ நன்மை உண்டென்றும் வழிகாட்டியது.

இந்தக் கணக்கில் பிழை எங்கே? நர்ஸுகள் பொய் சொல்லவில்லை. ஆராய்ச்சியாளர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் மருந்தை யார் உட்கொள்வது என்பதை அவரவரே தீர்மானித்துக்கொண்டார்கள். அவ்வாறு உட்கொண்டவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், உடலைப் பேணுகிறவர்கள், அடிக்கடி வைத்தியரிடம் போகிறவர்கள். அத்தகையோருக்கு மருந்தில்லாமலே இருதய நோய் குறைவு. பட்டுக் குடை பிடித்துச் செல்வோரில் பட்டினியால் இறந்தவர் எவருமில்லை. ஆகையால் பட்டுக் குடை பட்டினிக்கு மருந்தென்று சொல்லலாமா?

இது வெறும் உவமையன்று. மேலே சொன்ன ஆண்களின் பரீட்சையிலேயே இதற்கு அத்தாக்ஷி இருக்கிறது. அதில் சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டது. அந்த வெறும் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டவர்களில் ஐந்து வருஷங்களில் 100-க்கு 15 பேரே இறந்தார்கள். ஒழுங்காக உட்கொள்ளாதவர்களிலோ 100-க்கு 28 பேர் இறந்தார்கள். மாத்திரையில் ஒன்றுமில்லை, அதை ஒழுங்காக உட்கொள்ளும் மனிதரிடத்தில்தான் ஏதோ இருந்தது. இங்கும் ஏறக்குறைய ‘பாதி’தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மாதர் கேட்ட ருஜு

1990-ல் பிரிமரின் கம்பெனியார், தங்கள் மருந்து இருதயத்தைக் காக்குமென்று சொல்லி விற்க அமெரிக்க சர்க்காரின் அனுமதியைக் கோரினார்கள். வாஷிங்டனில் 1975-ல் அமைக்கப்பட்ட தேசிய மாதர் சுகாதார சங்கத்தார் இதை ஆட்சேபித்து, ருஜு எங்கே என்று கேட்டார்கள். நோயில்லாத கோடிக்கணக்கான ஸ்திரீகளுக்கு வருஷக்கணக்காகக் கொடுக்கப் போகும் மருந்துக்கு, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தைவிடக் கடுமையான சோதனை வேண்டுமென்பது அவர்கள் கட்சி. அந்த அனுமதி கிடைக்கவில்லை. அதே சமயத்தில், சர்க்கார் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிகளில் ஸ்திரீகள் போதிய அளவு சேர்க்கப்படுவதில்லை என்ற கிளர்ச்சியும் அமெரிக்கச் சட்டசபை வரையில் எட்டியிருந்தது. வரி கொடுப்பதில் பங்கு, பலனில் பங்கில்லை என்ற நிலைமையின் அநீதியை நம் தேசத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதன் பயனாக 1991-ல், அந்நாட்டுத் தேசிய சுகாதார ஸ்தாபனத்தின் முதல் பெண் தலைவரும் இருதய வைத்தியருமான பெர்னடீன் ஹீலி அம்மையார், ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்னும் மாபெரும் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். 50 முதல் 79 வயது வரையுள்ள 1,61,808 ஸ்திரீகள் அதில் சேர்ந்தார்கள். ஹார்மோன் பரீட்சையில் சேர்ந்தவர்களுள் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைச் சீட்டுப் போட்டது போலத் தீர்மானித்தார்கள். பட்டுக் குடைக்காரரும் பனையோலைக் குடைக்காரரும் இரு பக்கத்திலும் சமமாகக் கலந்துவிட்டனர் என்க.

பரீட்சையின் தீர்ப்பு

அதற்கு முன்னரே, 1998-ல், கம்பெனியாரின் செலவிலேயே நடந்த ‘ஹெர்ஸ்’ என்ற பரீட்சையின் முடிவு வெளியாகிப் பலரைத் திடுக்கிடச் செய்தது. ஏற்கெனவே இருதய நோயுள்ள 2,763 ஸ்திரீகளில் நாலு வருஷங்களுக்குப் பிறகு இரு பகுதியாருக்கும் வித்தியாசமில்லை. முதல் வருஷத்திலோ மருந்து உட்கொண்டோருக்கே மாரடைப்பு அதிகம்.

2002 ஜூலையில் பெரிய பரீட்சையின் ஒரு பகுதி குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. எஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்ட்டினும் சேர்ந்த மாத்திரையைப் பற்றியது அது; 16,608 ஸ்திரீகள் அதில் இருந்தனர். மருந்து உட்கொண்ட 10,000 பேருக்கு வருஷம் ஒன்றுக்கு மாரடைப்பு முதலிய இருதய நோய் 7, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக் கட்டி 8, மார்பகப் புற்றுநோய் 8 அதிகம். பெருங்குடல் புற்றுநோய் 6, இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 ஸ்திரீகளுக்கு எஸ்ட்ரோஜனைத் தனியே கொடுத்த மற்றொரு பகுதி 2004-ல் நிறுத்தப்பட்டது. அங்கே பக்கவாதம் அதிகரித்தது. இருதய நோய் கூடவுமில்லை, குறையவுமில்லை. மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவில்லை.

இருதயம் காக்குமென்று சொன்ன மருந்து ஏன் இப்படிச் செய்தது? மாத்திரையாக விழுங்கும் எஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே அது தீய கொழுப்பைக் குறைப்பது உண்மையே. ஆனால் ரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களையும் அதிகமாக்குகிறது. கொழுப்பை மட்டும் பார்த்தவர்கள் உறைவை மறந்தார்கள். மேலும், சுத்தமான ரத்தக் குழாய்க்கு நன்மை செய்யும் எஸ்ட்ரோஜன், உள்ளே கொழுப்புப் படிந்து கெட்டுப்போன குழாயில் அந்தப் படிவை உடையச் செய்யக்கூடும் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள்.

நம்பிக்கையிலிருந்து பீதிக்கு

தீர்ப்பு வெளியானதும் ஊசல் மறுகோடிக்கு ஓடிற்று. அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 9 கோடியாக இருந்த ஹார்மோன் மருந்துச் சீட்டுகள் 2003-க்குள் 6 கோடிக்கும் கீழே இறங்கின. பத்திரிகைகள் ‘இருதய நோய் 29 சதவிகிதம் அதிகரிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டன. 10,000-க்கு 30 பேர் என்பது 37 ஆயிற்று என்று எழுதியிருந்தால் இவ்வளவு கிலி பிறந்திராது. இரண்டும் ஒரே கணக்குத்தான். மொத்த மரணம் இரு பகுதியிலும் சமமாகவே இருந்ததை எடுத்துச் சொன்னவர் சிலரே. பதினெட்டு வருஷக் கணக்கைக் கொண்டு 2017-ல் வெளியான முடிவும் மரணத்தில் வித்தியாசம் இல்லையென்றே கூறிற்று.

மற்றொரு முக்கிய விஷயமும் மறைந்துபோயிற்று. பரீட்சையில் சேர்ந்த ஸ்திரீகளின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து வருஷங்களுக்கு மேலானவர்களே அதிகம். அனல் கொதிப்பால் உறக்கமின்றித் தவிக்கும் ஐம்பது வயது ஸ்திரீக்கு, அறுபத்தைந்து வயது ஸ்திரீயின் கணக்கைக் காட்டி மருந்தை மறுத்தார்கள். துன்பப்பட்டவர்கள் வாய்மூடித் துன்பப்பட்டார்கள்.

2007-ல் அதே ஆராய்ச்சியாளர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தனர். மாதவிடாய் நின்று பத்து வருஷங்களுக்குள் தொடங்கியவர்களுக்கு இருதய நோய் சற்றுக் குறைவாகவும், இருபது வருஷங்களுக்குப் பின் தொடங்கியவர்களுக்கு அதிகமாகவும் காணப்பட்டது. ஆனால் அந்தக் குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே. பக்கவாதமோ எக்காலத்தில் தொடங்கினாலும் அதிகமாகவே இருந்தது. 2016-ல் வெளியான ‘எலீட்’ என்ற பரீட்சை 643 ஸ்திரீகளைச் சோதித்தது. மாதவிடாய் நின்று ஆறு வருஷங்களுக்குள் தொடங்கினோருக்குக் கழுத்து ரத்தக் குழாயின் சுவர் தடிப்பது மெதுவாயிற்று. பத்து வருஷங்களுக்குப் பின் தொடங்கினோருக்கு அந்த நன்மை இல்லை. இது நல்ல குறிப்புத்தான். ஆயினும் குழாய்ச் சுவரின் தடிப்பு வேறு, மாரடைப்பு வேறு. அந்தப் பரீட்சையிலேயே, இருதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

இன்றைய நிலைமை

ஆகவே இன்று நிதானமுள்ள வைத்தியர்கள் சொல்வது இதுதான். அறுபது வயதுக்குட்பட்டு, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷங்களுக்குள், அனல் கொதிப்பு முதலிய துன்பங்கள் வாட்டும் ஸ்திரீக்கு, மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக் கட்டி முதலியன முன்பு வந்திராவிடில், ஹார்மோன் மருந்தால் தீமையைவிட நன்மையே அதிகம். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் களிம்பாகவோ கொடுத்தால், கல்லீரல் வழியே போகாததால், ரத்தக் கட்டி ஆபத்து குறைவாகத் தோன்றுகிறது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு எஸ்ட்ரோஜனைத் தனியே கொடுக்கலாகாது. அதைப் பற்றிய எச்சரிக்கை 2025 அறிவிப்புக்குப் பின்னும் நீடிக்கிறது. ஆனால் துன்பம் ஒன்றுமில்லாத ஸ்திரீக்கு, இருதய நோய் வராமல் தடுப்பதற்கென்றே இம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு நிபுணர் குழுவினர் 2022-ல் தீர்மானமாகக் கூறியிருக்கிறார்கள். அத்தீர்மானத்தைப் புரட்டத்தக்க புதிய பெரிய பரீட்சை எதுவும் அதன்பின் நடைபெறவில்லை. எனவேதான் ‘பாதி’ என்ற சொல் மறுபடியும் அதிகாரப் பீடத்திலிருந்து கிளம்புவதைக் கண்டு நாம் கவலையுறுகிறோம்.

நம் தேசத்துக்கு இதில் தனிச் சம்பந்தம் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் ஸ்திரீகள் பலருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட செய்தி 2019-ல் வெளியாகித் தேசத்தை உலுக்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாகாண சர்க்கார் நியமித்த கமிட்டியார் விசாரித்த 82,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகளில் 13,000-க்கு மேற்பட்டோர் கர்ப்பப்பை இழந்தவர்கள். வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் அபராதம் என்ற கொடுமைக்கும் இதற்கும் இருந்த தொடர்பு அப்போது பேசப்பட்டது. அநாவசியமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் வழக்கத்தைத் தடுக்க 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் மாகாணங்களுக்கு உத்தரவிட்டது. கர்ப்பப்பையுடன் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மறுநாளே எஸ்ட்ரோஜன் நின்றுபோகிறது. முப்பது வயதில் இக்கதிக்கு ஆளாகும் ஸ்திரீக்கு இருதய நோயும் எலும்பு நோயும் மற்றவர்களுக்கு முன்பே வருகின்றன. இத்தகையோருக்கு, தடை ஏதும் இல்லாவிடில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுக்க வேண்டுமென்று வைத்திய சங்கங்கள் கூறுகின்றன. பட்டணத்துச் சீமாட்டிகள் கேளாமலே பெறும் மருந்து, உண்மையிலேயே தேவைப்படும் இந்தக் கூலிப் பெண்களுக்கு எட்டுவதில்லை. இதைக் கேட்பாரும் இல்லை.

நாம் செய்யத்தக்கது என்ன? முதலாவது, வீட்டு ஸ்திரீகள் இப்பருவத்தில் படும் அவஸ்தையை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடும் வழக்கத்தை ஆண்கள் விட்டொழிக்க வேண்டும். அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது கடமை. மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது, நன்மை தீமைகளைக் கேட்டறிந்த பின், அவர்களுடைய உரிமை. இரண்டாவது, இருதயத்தைக் காக்கச் சந்தேகமற ருஜுவான வழிகள் இருக்கின்றன: ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் அளந்து அடக்கி வைத்தல், உப்பைக் குறைத்தல், புகையிலையை விலக்குதல், நாள்தோறும் நடத்தல். ஒவ்வொரு கிராம வைத்தியசாலையிலும் நாற்பத்தைந்து வயது கடந்த ஸ்திரீகளுக்கு இவற்றைத் தவறாமல் சோதித்துப் பார்க்கும்படி பொதுக் காரிய ஊழியர்கள் கிளர்ச்சி செய்ய வேண்டும். ஸ்திரீகளுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலிக்குப் பதிலாக மூச்சுத் திணறலும் அசதியும் தாடை வலியும் முதுகு வலியும் முன்னிற்கலாம் என்பதையும் வீடுதோறும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ருஜு கேட்கும் பழக்கத்தை நாம் கைக்கொள்ள வேண்டும். வாஷிங்டனில் ஒரு மாதர் சங்கம் கேட்ட ஒரு கேள்வி, கம்பெனியாரின் விளம்பரத்தைத் தடுத்து, ஒரு பெரிய சர்க்காரைப் பொதுப் பணத்தில் பரீட்சை நடத்தச் செய்தது. புகழ்ச்சியால் மருந்து நல்லதாகிவிடாது. பீதியால் கெட்டதாகிவிடவும் செய்யாது. புகழ்ந்த காலத்தில் வேண்டாதவர்களுக்கும் கொடுத்தார்கள். பயந்த காலத்தில் வேண்டியவர்களுக்கும் மறுத்தார்கள். இரண்டு முறையும் விலை கொடுத்தவர்கள் ஸ்திரீகளே. மூன்றாம் முறையும் அவர்களே விலை கொடுக்கும்படி விட்டுவிடலாகாது.